வாரிசு வரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரும் சொத்துகளுக்கு வாரிசு வரி வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது எனக்கு வருத்தம் தந்தது.

நான் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். 1986-இல் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் ‘கைமடிக்கும்’ பையனாக வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். இரவு, ஞாயிறு என்று பார்த்ததில்லை. 1995-இல் பல்லடம் பக்கம் எங்களுக்கிருந்த மேட்டாங்காட்டில் ஒரு ஏக்கரை அப்பா விற்றுக் கொடுத்தார். அந்தப் பணத்தில் நான்கு பழைய மெஷின்கள் வாங்கி, மச்சானைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்தேன். வங்கியில் மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 2011-இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது தொழில் அப்படியே நின்றது. சித்தப்பா கைமாற்றாகக் கொடுத்த பணத்தில்தான் அப்போது ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன். 2025-இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது கையில் இருந்த ஆர்டர் போயிற்று. இத்தனையையும் தாண்டி இன்று எண்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். என்னோடு கைமடித்த பையன்களில் பலர் இன்னும் டெய்லராகவே இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே ஊர்தான், இதே கம்பெனிகள்தான். உழைத்தவன் மேலே வந்தான். இதில் அநீதி எங்கே இருக்கிறது?

எல்லா வரியும் கட்டியது போக மிஞ்சியதுதான் என் சொத்து. செத்த பிறகும் அதற்கு வரியா? யானை வயலில் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்று பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்னார் அல்லவா? அதுதான் நினைவுக்கு வந்தது. பெரும் பணக்காரர்கள் துபாய்க்குப் போய்விடுவார்கள்; போக வழியில்லாத என்னைப் போன்றவன்தான் மாட்டுவான். வசூலாகும் பணமும் இலவசத்துக்கும் ஊழலுக்கும்தான் போகும். ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியா உலகிலேயே நான்காவது என்று உலக வங்கிக் கணக்கைக் காட்டி அரசே சொல்கிறது. பிறகு எதற்கு இந்தப் பேச்சு?

என் இடம், கட்டடம், மெஷின், வீடு எல்லாம் சேர்த்து இன்றைய மதிப்பில் பதிமூன்று கோடி வரும். வங்கிக் கடன் நான்கு கோடி இருக்கிறது. மகன் டெக்ஸ்டைல் படித்துவிட்டு இப்போதுதான் கம்பெனிக்கு வருகிறான். நாளை அவன் வரி கட்டுவதற்காகக் கம்பெனியை விற்க வேண்டுமா? எங்கள் வட்டாரத் தொழில்முனைவோர் கூட்டத்துக்கு வந்து இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

அன்புடன்,
க. செ.,
திருப்பூர்

அன்புள்ள க. செ. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ள உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பையன் எண்பது குடும்பங்களுக்குச் சோறு போடும் நிலைக்கு வருவது எளிய காரியம் அல்ல. அப்படி உயர்ந்தவர்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வாழ்க்கையில் மூன்று திருப்பங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். தொழிலாளி முதலாளியானது, அப்பா விற்ற ஒரு ஏக்கரால். வங்கி கடன் கொடுத்தது, மாமாவின் கையெழுத்தால். 2011-இல் கம்பெனி மூழ்காமல் நின்றது, சித்தப்பாவின் கைமாற்றால். இந்த மூன்றிலும் உங்கள் உழைப்பு இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த ஏக்கர் என்றோ கரைந்திருக்கும். ஆனால் உங்களோடு கைமடித்த பையனிடமும் உழைப்பு இருந்தது. அவனிடம் இல்லாதது விற்பதற்கு ஒரு ஏக்கர். வங்கி மதிக்கும்படியான ஒரு மாமா. தொழில் நின்ற மாதங்களில் வட்டியில்லாமல் பணம் கொடுக்கும் ஒரு சித்தப்பா.

தொழிலாளியாக நுழைந்து முதலாளியானவர்களின் ஊர் என்ற பெருமை திருப்பூருக்கு நியாயமாகவே உண்டு. இந்தியாவில் இன்னொரு தொழில் நகரத்தில் அப்படி இத்தனை பேரைப் பார்ப்பது கடினம். ஆனால் அவர்கள் யார் என்று பார்த்தால், மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சமாவது நிலம் வைத்திருந்த உழவர் குடும்பத்துப் பிள்ளைகள். நிலமற்ற தலித் குடும்பங்களிலிருந்து வந்து அதே மெஷினில் உட்கார்ந்தவர்களில் கம்பெனி தொடங்கியவர்கள் மிகச் சிலர். அவர்களும் அதே இரவு வேலையைத்தான் செய்தார்கள். உங்கள் பழைய கூட்டாளிகளில் இன்னும் டெய்லராக இருப்பவர்கள் எந்தக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் சொல்வதைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நீங்கள் சுழியத்திலிருந்து தொடங்கவில்லை, ஒரு ஏக்கரிலிருந்து தொடங்கினீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் பிள்ளைக்கு ஒரு ஏக்கரை விட்டுச் செல்வது மனித வாழ்க்கையின் மிக இயல்பான, மிக நல்ல செயல்களில் ஒன்று. அந்த ஒரு ஏக்கரைத் தொடும் எந்த வரியையும் நான் எதிர்ப்பேன். என் வாதம் வேறு. ஒரு ஏக்கர் ஒரு வாழ்க்கையை இவ்வளவு மாற்றுமானால், ஏக்கரே இல்லாத பிள்ளை எதை வைத்துத் தொடங்குவது? பிறந்த அன்றே பத்தாயிரம் கோடிக்கு உரிமையாளராகும் பிள்ளையோடு அது எந்தப் பந்தயத்தில் ஓடுவது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர். அரசுப் பள்ளியில் படித்து, அரசுக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி, வெளிமாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் வாங்கினாள். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம். கல்விக் கடன் கேட்க வங்கிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மேலாளர் நல்ல மனிதர். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு, ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் ஈடு வேண்டும் என்றார். வீட்டுப் பட்டா இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் வீடு இருப்பது புறம்போக்கில். பட்டாவுக்கு மனு கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பா மடித்து வைத்திருந்த வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டினார். மேலாளர் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "இது பட்டா இல்லைங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் அந்தப் படிப்பில் சேரவில்லை. இன்று ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

சொத்து என்பது செலவழிக்கும் பணம் மட்டும் அல்ல. அது அடுத்த தலைமுறைக்குக் கதவைத் திறக்கும் சாவியும்கூட. இதனால்தான் ஏற்றத்தாழ்வும் மேலேறும் வாய்ப்பும் ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கின்றன. ஓ.இ.சி.டி. என்ற வளர்ந்த நாடுகளின் அமைப்பு 2018-இல் ஒரு கணக்குப் போட்டது. மிகக் கீழ்நிலை வருமானமுள்ள குடும்பத்தில் பிறந்த ஒருவரின் சந்ததி நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்பது கேள்வி. டென்மார்க்கில் இரண்டு. அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி நாலரை. இந்தியாவில் ஏழு. ஏழு தலைமுறை என்றால் அந்தப் பெண்ணின் பேத்திக்கும் அது எட்டாது.

உலக வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலையில் அரசு வெளியிட்ட அந்தக் குறிப்பை நானும் படித்தேன். அதில் அளந்திருப்பது குடும்பங்களின் நுகர்வுச் செலவை. ஒருவர் மாதம் எவ்வளவு சாப்பிடுகிறார், உடுத்துகிறார் என்பதில் வித்தியாசம் ஓரளவுக்கு மேல் போக முடியாது. கோடீஸ்வரரும் ஒரு வேளைக்கு ஒரு வயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறார். அவருடைய செல்வம் சாப்பாட்டில் இல்லை. பங்குகளிலும் நிலத்திலும் கட்டடத்திலும் இருக்கிறது. அந்தச் செல்வத்தை அளந்தால் படம் தலைகீழாகிவிடும். பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-இல் இந்தியாவின் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதியினரிடம் இருப்பது 6.4 சதவீதம். வருமானத்திலும் அப்படித்தான். 1982-இல் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் பெற்ற அந்த ஒரு சதவீதத்தினர் இப்போது 22.6 சதவீதம் பெறுகிறார்கள். இந்தியாவில் செல்வத்தை அளக்கும் தரவுகள் சரியில்லை, ஆகவே எண்கள் சற்று ஏறி இறங்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஒன்றிரண்டு சதவீதம் குறைத்துக்கொண்டாலும் அந்தப் படம் மாறப்போவதில்லை.

வரிச்சுமை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான ஆள் மீது பாய்கிறது. நீங்களும் மச்சானும் நடத்துவது கூட்டாண்மை நிறுவனம். அதன் லாபத்துக்கு அடிப்படை வரி 30 சதவீதம். 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு கம்பெனி வரியை, அதாவது கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களின் லாபத்துக்கான வரியை, 22 சதவீதமாகக் குறைத்தது. புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம் என்றது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அரசே கணக்குச் சொன்னது. அதாவது, எண்பது பேரை வைத்து நீங்கள் நடத்தும் கம்பெனியின் லாபத்துக்கு விதிக்கப்படும் விகிதம், நாட்டின் மிகப் பெரிய குழுமங்களுக்கு விதிக்கப்படும் விகிதத்தைவிட அதிகம். 2023-24-இல் தனிநபர் வருமான வரி வசூல் பத்து லட்சம் கோடியைத் தாண்டியது. கம்பெனி வரி வசூல் ஒன்பது லட்சம் கோடி அளவில் நின்றது. சம்பளக்காரர்களும் உங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவர்களும் சேர்ந்து கட்டுவது, அத்தனை பெருங்கம்பெனிகளும் சேர்ந்து கட்டுவதைவிட அதிகமாகிவிட்டது.

இன்னும் மேலே போனால் வரி இன்னும் இலேசாகிறது. மாதச் சம்பளத்தில் மிக உயர்ந்த வரிப்படிக்கு 30 சதவீதம் பிடிக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு 12.5 சதவீதம்தான். 2004 முதல் 2018 வரை அந்த லாபத்துக்கு வரியே இருக்கவில்லை. பங்கை விற்காமலே வைத்திருந்தால், அதன் மதிப்பு ஆயிரம் கோடி ஏறினாலும் அது வருமானக் கணக்கிலேயே வராது. அப்படியே பிள்ளைக்குப் போகும்போதும் வரி இல்லை. ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு மீண்டும் வரியா என்று கேட்டீர்கள். உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி சரி. பெரும் செல்வங்களில் மிகப் பெரிய பகுதிக்கு ஒருமுறைகூட வரி கட்டப்படவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த முனையைப் பாருங்கள். உங்கள் கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை நிச்சயம் இருக்கும். பதினொரு மணி இடைவேளையில் செக்கிங் பெண்கள் வந்து ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வாங்கி, இரண்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்கென்று முந்தானையில் முடிந்துகொள்வார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல் 2025 செப்டம்பர் வரை அந்த பிஸ்கட்டுக்கு 18 சதவீத வரி. பங்கு விற்ற லாபத்துக்கு 12.5. பிசிராந்தையார் சொன்ன யானை யாருடைய வயலில் இறங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

அந்தப் பாடலை நீங்கள் எடுத்துக்காட்டியது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது யானைக்குத் தீனி போடாதே என்று சொல்லும் பாடல் அல்ல. ‘மா’ என்ற பழைய சிறு நில அளவுக்கும் குறைந்த நிலத்தில் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் ஆகும் என்றுதான் அது தொடங்குகிறது. வரி வாங்கு, முறையறிந்து வாங்கு என்பதே புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. 2019 ஜூலை 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் இந்தப் பாடலைத் தமிழிலேயே சொன்னார். அதே பட்ஜெட்டில் ஐந்து கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு, வரித்தொகையின் மீது போடும் மேல்வரியை 37 சதவீதமாக உயர்த்தினார். அது சரியான திசை என்று அப்போது நினைத்தேன். இரண்டரை மாதத்தில் கம்பெனி வரி குறைப்பு வந்தது. 2023-இல் அந்த மேல்வரியும் புதிய முறையில் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

முறையறியாமல் வரி வாங்கிய காலமும் நமக்கு இருந்தது. அதை மறைக்கக் கூடாது. 1973-74-இல் வருமான வரியின் உச்சப்படி மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சும் என்றால் எவன் கணக்குக் காட்டுவான்? கறுப்புப் பணம் அந்தக் காலத்தில் செழித்தது. 1976-இல் நம்மூர் சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்தபோது அது 66 சதவீதமானது, 1997-இல் ப. சிதம்பரம் 30 சதவீதமாக்கினார். இறந்தவர் சொத்துக்கான வரி 1953 முதலே இருந்தது. உச்ச விகிதம் 85 சதவீதம், ஆனால் ஓட்டைகள் ஏராளம். 1985-இல் வி.பி. சிங் அதை ஒழித்தபோது ஆண்டு வசூல் இருபது கோடி அளவுதான். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் கொண்டுவந்த, சொத்து மதிப்புக்கு ஆண்டுதோறும் வாங்கும் செல்வ வரியும் அதே வழியில் போயிற்று. வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைப்படி பங்குகளுக்கு விலக்கு கொடுத்த பிறகு தங்கம், கார், கூடுதல் வீடு, காலி மனை இவையே மிஞ்சின. 2013-14-இல் வசூல் 1,008 கோடி. 2015-இல் அருண் ஜெட்லி அதையும் நிறுத்தினார்.

இந்த வரிகள் தோற்றது பணக்காரர்களிடம் வரி வாங்கவே முடியாது என்பதால் அல்ல. விகிதம் மிக அதிகம், வரம்பு மிகக் குறைவு, சொத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. மூன்றும் சேர்ந்து கெடுத்தன. மூன்றாவது காரணம் இன்று பெருமளவுக்கு இல்லை. 1985-இல் பங்குப் பத்திரம் காகிதமாக அலமாரியில் இருந்தது. இன்று பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் டீமேட் என்ற மின்னணுக் கணக்கில், பான் எண்ணோடு இருக்கின்றன. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் உரிமையாளர் குடும்பத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரறிய வெளியாகிறது. அதன் மதிப்பைக் கணக்கிட ஒரு பள்ளி மாணவனே போதும். நிலத்தில்தான் இன்னும் சிக்கல். அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்காமல் அங்கே நியாயமாக வரி போட முடியாது. குடும்ப அறக்கட்டளைகள் என்ற பெயரில் சொத்தை ஒதுக்கி வைக்கும் வழியையும், சாகும் முன்பே அன்பளிப்பாக எழுதி வைக்கும் வழியையும் சட்டம் முதலிலேயே அடைக்க வேண்டும். அடைக்காத சட்டம் உங்களைப் போன்றவர்களைத்தான் பிடிக்கும் என்ற உங்கள் அச்சம் முழுக்கச் சரி.

இவ்வளவு பெரிய வரி கட்டினால் தொழில் அழிந்துவிடாதா? இதற்குத் தென் கொரியாவைப் பார்க்கலாம். அங்கே வாரிசு வரி 50 சதவீதம். பெரும் பங்குதாரர்களுக்கு அதற்கும் மேல். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் 12 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் வரி கட்டப்போவதாக அறிவித்தார்கள். அவர் விட்டுச் சென்ற சொத்தில் பாதிக்கு மேல் அது. ஐந்து ஆண்டுகளில் ஆறு தவணையாகக் கட்ட அனுமதி இருந்தது. சில பங்குகளை விற்றார்கள், கடன் வாங்கினார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் நாட்டின் அருங்காட்சியகங்களுக்குப் போயின. சாம்சங் கம்பெனி மூடப்படவில்லை. மகன் இன்றும் அதன் தலைவர். கொரியாவில் அந்த வரி அதிகம் என்ற விவாதம் நடக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். நானும் இந்தியாவுக்கு அவ்வளவு கேட்கவில்லை.

துபாய் விஷயம். நார்வே 2022-இல் செல்வ வரியை உயர்த்தியபோது சில பெரும் பணக்காரர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடியேறினார்கள். ஆகவே உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆண்டுதோறும் வாங்கும் செல்வ வரிக்கு அந்த ஆபத்து அதிகம். ஆனால் சுவிட்சர்லாந்தின் எல்லா மாநிலங்களிலும் செல்வ வரி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரிசு வரியை ஆள் எங்கே குடியிருக்கிறார் என்று பார்க்காமல், சொத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்கலாம். வெளிநாட்டவர் விஷயத்தில் அமெரிக்கா அப்படித்தான் செய்கிறது. அங்கே கால் வைக்காத ஓர் இந்தியர் அமெரிக்கப் பங்குகளை வைத்துக்கொண்டு இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புக்கு அமெரிக்க அரசு 40 சதவீதம் வரை வரி கேட்கும். நம் நாட்டவர் சொத்துக்கு அங்கே வரி உண்டு, இங்கே இல்லை. துபாயில் குடியேறினாலும் தொழிற்சாலையையும் துறைமுகத்தையும் சுரங்கத்தையும் யாரும் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல முடியாது.

அரசு வீணாக்கும் என்கிறீர்கள். வீணாக்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதே அரசுதான் 1956-இல் காமராஜர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு போட்டது. அன்றும் அதை வீண்செலவு என்றவர்கள் உண்டு. எம்.ஜி.ஆர். 1982-இல் அதை விரிவாக்கியபோதும் சொன்னார்கள். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருந்தார்கள். நாட்டின் சராசரி 28.4. அந்தச் சோறு இல்லாமல் இது நடந்திருக்காது. உங்கள் கம்பெனியின் கணக்காளரும் மெர்ச்சன்டைசரும் எந்தப் பள்ளியில் மதியம் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்பது ஒரு நிபந்தனையோடு கூடிய வரி. வாரிசு வரியில் வரும் பணம் பொதுக் கணக்கில் கரையக் கூடாது. சொத்தில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு பதினெட்டு வயதில் படிப்புக்கோ தொழிலுக்கோ கையில் ஒரு தொகையாகப் போய்ச் சேர வேண்டும். 1797-இல் அரசியல் சிந்தனையாளர் தாமஸ் பெயின் இங்கிலாந்துக்கு இதையே சொன்னார்: பரம்பரைச் சொத்துகளிலிருந்து வரி வாங்கி, இருபத்தோரு வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு பணம் கொடு என்று. உங்கள் அப்பா விற்றுக் கொடுத்த ஏக்கரைப் போல ஒன்றை, அப்படிக் கொடுக்க அப்பா இல்லாத பிள்ளைக்குச் சமூகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

2024 தேர்தல் நேரத்தில் காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னதும் என்ன நடந்தது என்று பார்த்தோம். பா.ஜ.க. அதைப் பிடித்துக்கொண்டது, அது எங்கள் கொள்கை அல்ல என்று காங்கிரஸ் உடனே விலகிக்கொண்டது. தாலிக்கு ஆபத்து என்பது வரை ஏற்கெனவே பேச்சு போயிருந்தது. தாலிக்கொடிக்கும் ஒற்றை வீட்டுக்கும் வரி வரும் என்று சாதாரண மக்களைப் பயமுறுத்திவிட்டால், ஆயிரம் கோடிகளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தப் பயம்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

பிக்கெட்டி குழுவினர் 2024 மே மாதம் ஒரு திட்டம் வைத்தார்கள். பத்துக் கோடிக்கு மேற்பட்ட நிகரச் சொத்துக்கு, அந்த வரம்புக்கு மேற்பட்ட பகுதியில் 33 சதவீத வாரிசு வரி. நாட்டின் வயதுவந்தோரில் 0.04 சதவீதத்தினரைத்தான் இந்த வரம்பு தொடும். அதோடு ஆண்டுதோறும் 2 சதவீதச் செல்வ வரியும் கேட்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டியலிடப்படாத சிறு நிறுவனங்களை ஆண்டுதோறும் மதிப்பிடுவது என்றால் வருடா வருடம் ஓர் அதிகாரி உங்கள் ஷெட்டுக்குள் வந்து நிற்பார். அது லஞ்சத்துக்கான வழி. வாரிசு வரி ஒரு தலைமுறைக்கு ஒருமுறை.

இப்போது உங்கள் மகன் விஷயத்தைக் கணக்குப் போடுவோம். பதிமூன்று கோடியில் நான்கு கோடி கடன் போக நிகரச் சொத்து ஒன்பது கோடி. வரம்புக்குக் கீழே. மகன் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. கடனையெல்லாம் அடைத்துவிட்டீர்கள், பதிமூன்று கோடியும் முழுதாக நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வரி மேற்பட்ட மூன்று கோடிக்குத்தான்: 99 லட்சம். பன்னிரண்டு கோடிக்கு மேல் அவனிடமே இருக்கும். அதையும் பத்தாண்டுத் தவணையில் கட்ட அனுமதிக்க வேண்டும், கம்பெனி தொடர்ந்து நடக்கும்வரை வட்டி போடக் கூடாது, வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்திக்கொண்டே வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கூட்டாண்மை நிறுவனங்களுக்கு 30, பெருங்கம்பெனிகளுக்கு 22 என்ற அநியாயத்தை மாற்றவும் உங்கள் சங்கத்தோடு சேர்ந்து குரல் கொடுப்பேன்.

கூட்டத்துக்கு வருகிறேன். தேதியை மட்டும் ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: முதலாளிகளோடு, முடிந்தால், உங்களோடு அந்தக் காலத்தில் கைமடித்த நண்பர்கள் இரண்டு மூன்று பேரையும் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதையும் நாம் இருவரும் கேட்க வேண்டும்.

அன்புடன்.